மாறன் எடுத்த விரதம்

என்ர ரகு,

உயிரோடு இருந்தபோது உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாருங்கோ" என்றே மூன்றரை வருசமும் ஓடிவிட்டது. நீங்கள் போய் ஒரு வருசமும் இரண்டு மாதமும் ஆன பிறகு இன்றைக்குத்தான் பெயரைச் சொல்கிறேன். கோபம் வந்தால் கூச்சம் போய்விடும் போல.

முதலில் வீட்டுச் செய்தி. கிளென் வேவர்லி வீட்டில் இப்போது நாங்கள் இல்லை. மாமி, உங்கட அம்மா, சிட்னிக்குப் போய் ஸ்ட்ராத்ஃபீல்டில் உங்கட அக்காவோடு இருக்கிறா. நான் இரண்டு அறை யூனிற் ஒன்றில் தனியாக இருக்கிறேன். பல் டொக்டரிடம் அதே வரவேற்பு மேசை வேலைதான். நானும் மாமியும் ஏன் பிரிந்தோம் என்று சனம் கேட்கிறது. அந்தப் பதிலை, சனம் எல்லாம் வாசிக்கிற இடத்திலேயே, உங்களுக்கு ஒரு கடிதமாக எழுதுகிறேன். நீங்கள் வெட்கப்படுவீங்கள். படுங்கோ.

2009 தொடக்கத்தில் உங்களைக் கட்டுவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ண் வந்தேன். எயார்போட்டில் எனக்கென்று ஒரு ஜக்கெற்றோடு நின்றீங்கள். அளவு சரியாக இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஃபோட்டோவில பாத்து யோசிச்சனான்" என்றீங்கள். நல்ல மனிசன் என்று அன்றைக்கே விளங்கியது. இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை. மாறியிருந்தால் இதை எழுதுவது சுகமாக இருந்திருக்கும்.

முதல் ஆறு மாதத்தில் மூன்று தடவை. எண்ணி வைத்ததற்கு மன்னியுங்கோ, மறக்கிற அளவுக்கு நிறைய இல்லை. மூன்று தடவையும் முடிந்த பிறகு மற்றப் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி "சொறி" என்றீங்கள். பிறகு வேலைக் களைப்பு, முதுகு நோ, காலையில் வெள்ளணப் போகவேணும். நான் உடம்பு மெலிந்து பார்த்தேன். தலைமயிரை வெட்டிப் பார்த்தேன். கடையில் ஒரு இரவு உடுப்பு வாங்கிவந்து, போடத் துணிவில்லாமல் அலமாரியில் வைத்தேன். என்னில் ஏதோ பிழை என்று முடிவெடுக்க எனக்கு ஒரு வருசம்கூடத் தேவைப்படவில்லை.

மாமி அதைவிட விரைவாக முடிவெடுத்துவிட்டா. கிளேய்ற்றன் மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விருந்து ஞாபகம் இருக்கா? பக்கத்து மேசை அன்ரி ஒருத்தி, "இன்னும் விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டா. மாமி எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: "என்ர மகனில ஒரு குறையும் இல்ல. இவளுக்குத்தான் என்னவோ." நீங்கள் சோற்றில் பருப்பைக் குழைத்துக்கொண்டிருந்தீங்கள். நான் உங்கட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குழைத்துக்கொண்டே இருந்தீங்கள்.

பிறகு டொக்டர். மாமிதான் நாள் எடுத்துத் தந்தா. "கிழமைக்கு எத்தனை தரம்?" என்று டொக்டர் உங்களைக் கேட்டார். "ரெண்டு மூண்டு" என்றீங்கள், கண்ணும் சிமிட்டாமல். நான் வாய் திறக்கவில்லை. உங்கட மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அந்த ஒரு பொய்யால் என்னைப் படுக்கவைத்து, கருப்பைக்குள்ளே மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். நோவில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நீங்கள் வெளியே கதிரையில் இருந்தீங்கள். கேட்டதா?

உங்களுக்கென்று இருந்தது சனிக்கிழமைதான். இரண்டு மணிக்கு நசீர் வீட்டுக் கராஜுக்குப் போவீங்கள். நசீர் மருந்துக்கடை வைத்திருப்பவர், கொழும்புக்காரர். அங்கே நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து, இருபது முகத் தாயக்கட்டையை உருட்டி, கற்பனை உலகம் ஒன்றில் ஆளுக்கொரு பாத்திரமாக விளையாடுவீங்கள். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்ளன். நசீர் கதை சொல்லுவார். முப்பத்தைந்து வயது ஆம்பிளைக்கு இது என்ன விளையாட்டு என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

ஒருநாள் உங்கட ஃபோனில் கேற் என்ற பெண் அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். "இன்றைக்கு நீ என் இதயத்தை உடைத்துவிட்டாய், வீரனே." வீட்டை இரண்டாக்கினேன். நீங்கள் சிரித்தீங்கள். "அது கேம், சுபா. அவ வில்லுக்காரி. நான் பாலடின், கடவுளுக்காகச் சண்டை பிடிக்கிற புனித வீரன். எனக்கு உதெல்லாம் தடை." அப்போது அதையும் ஒரு பகிடியாகத்தான் எடுத்தேன்.

போன வருசம் வேலையிடத்தில் மூளை நரம்பு வெடித்து விழுந்தீங்கள். அடுத்த நாள் பின்னேரம் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நசீர் வந்து, உங்கட விளையாட்டுக் கோப்பு ஒன்றை என் கையில் தந்தார். "இது உங்களிட்ட இருக்கிறதுதான் சரி, தங்கச்சி" என்றார். நான் அதைத் திறக்கவில்லை. திவசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் திறந்தேன்.

உங்கட வீரனுக்கு மாறன் என்று பெயர் வைத்திருக்கிறீங்கள். மன்மதனுக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. தெரிந்துதான் வைத்தீங்களா? வாள், கேடயம், பலம், அறிவு எல்லாவற்றுக்கும் இங்கிலிஷில் புள்ளி போட்டிருந்தது. பின்பக்கம் மட்டும் தமிழ், உங்கட சாய்ந்த எழுத்து:

"மாறன் பிரமச்சரிய விரதம் எடுத்தவன். கோயிலுக்காக எடுத்தான் என்று எல்லாரும் நினைக்கினம். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே பெண்ணிலும் ஆணிலும் அந்த ஆசை வந்ததில்லை. ஆசை இல்லை என்று சொன்னால் சனம் சிரிக்கும். விரதம் என்று சொன்னால் கும்பிடும்."

எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. மேலே இருந்த திகதி நாங்கள் கட்டி எட்டாம் மாதம்.

அடுத்த சனிக்கிழமை நசீர் வீட்டுக்குப் போனேன். கேற்றும் இருந்தா. நரைக்கத் தொடங்கிய, கதைக்கும்போது கையை ஆட்டுகிற பெண். நான் தேடிவந்த சக்களத்தி இவள் இல்லை என்று பார்த்த உடனேயே தெரிந்தது. அது ஆறுதலாகவும் இல்லை.

"விரதம் விளையாட்டுச் சட்டமா?" என்று கேட்டேன்.

"இல்லவே இல்ல" என்றார் நசீர். "பொய் சொல்லக் கூடாது, எளிய ஆக்களைக் கைவிடக் கூடாது. பாலடினுக்கு இதுதான் சட்டம். படுக்கையைப் பத்திப் புத்தகத்தில ஒரு வரி இல்ல. பொஞ்சாதி பிள்ளையோட இருக்கிற பாலடினும் இருக்கு. ரகு முதல்ல மந்திரவாதியாத்தான் விளையாடினவர். கலியாணத்துக்குப் பிறகுதான் இந்த வீரனைக் கொண்டுவந்தார். விரதம் அவர் தானா எழுதிச் சேர்த்தது."

அதைப் பற்றி ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினீங்களாம். வீரன் என்றால் உடம்பை ஏன் வெறுக்கவேணும் என்று கேற் கேட்டாவாம். "இந்தப் புத்தகப் படங்களைப் பார். ஆண் வீரனுக்குக் கழுத்திலிருந்து கால்வரை இரும்பு. பெண் வீரருக்கு வயிறு தெரிகிற கவசம். பிறகு இரண்டு பேரையும் தூய்மையாய் இரு என்கிறார்கள்" என்று சண்டை பிடித்தாவாம். கள்ளனாக விளையாடுகிற ஆள் வேறொன்று சொன்னாராம்: ஆசை இருக்கிறவன் அடக்கினால்தான் விரதம், ஆசையே இல்லாதவனுக்கு அது என்ன விரதம்? அப்போது நீங்கள், "அப்ப மாறன் ஒரு ஏமாத்துக்காரன்" என்றீங்களாம். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும்.

புனித வீரன் கை வைத்தால் காயம் ஆறுமாம். விரதம் உண்மையில்லை என்றால் அந்தச் சக்தி போய்விடுமா என்று நசீரிடம் கேட்டிருக்கிறீங்கள். விளையாட்டில் கடவுளுக்காகப் பேசுகிறவரும் அவர்தானே. "கடவுள் உன்னைப் படைச்சவர், அவருக்குத் தெரியாததா? சக்தி போகாது எண்டு சொன்னன்" என்றார் நசீர். "ரகு எழும்பி முகம் கழுவப் போயிட்டார். நான் ஒண்டும் கேக்கல்ல. கேட்டிருக்கணும், தங்கச்சி."

கை வைத்தால் காயம் ஆறுகிற வீரன்! வீட்டில் என் தோளில் நீங்கள் கை வைத்த நாட்களை நான் எண்ணிச் சொல்லவா?

அதற்குப் பிறகு கேற் சொன்னதுதான் என்னைக் கொன்றது. அவவுடைய வில்லுக்காரி மாறனைக் காதலித்து, ஒருநாள் கேட்டே விட்டாளாம். நீங்கள் வீரனின் குரலில் மறுமொழி சொன்னீங்களாம். கேற் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திருந்தா: "குறை உன்னில் இல்லை. நீ அழகானவள். எனக்குள் இல்லாத ஒன்றை உன்னால் எழுப்ப முடியாது, அது உன் தோல்வி இல்லை. இதை உனக்கு முன்பே சொல்லாததுதான் என் பாவம்."

ரகு, இந்த நாலு வசனத்துக்காக நான் மூன்றரை வருசம் காத்திருந்தேன். நீங்கள் அதைக் கடதாசியில் இருக்கிற ஒரு பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறீங்கள். அவளுக்கு உடம்பில்லை. அவளை யாரும் மலடி என்று சொல்லவில்லை. அவளை ஒரு டொக்டரும் படுக்கவைத்துப் படம் பிடிக்கவில்லை. அவளிடம் உண்மை பேசத் துணிவு வந்த உங்களுக்கு, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற என்னிடம் ஏன் வரவில்லை?

நான் அழுதபோது கேற் பக்கத்தில் வந்து இருந்தா. அப்படிப் பிறந்த ஆட்கள் கனபேர் இருக்கினமாம், அதற்கு ஒரு பெயரும் இருக்காம், அது வருத்தமோ நோயோ இல்லையாம். நம்புகிறேன். ஆசை இல்லாதது உங்கட குற்றம் இல்லை. அதை வைத்து உங்களை ஒரு சொல் சொல்லமாட்டேன். கட்ட முதல் சொல்லியிருக்கலாம். கட்டிய பிறகாவது சொல்லியிருக்கலாம். நான் போயிருப்பேனோ, நின்றிருப்பேனோ, தெரியாது. நின்றிருந்தால் இரண்டு பேரும் நல்ல சிநேகிதராக இருந்திருப்போம் என்று சிலவேளை நினைக்கிறேன். தெரிந்தெடுக்கிற உரிமையை எனக்குத் தரவில்லையே நீங்கள்.

திவசத்தன்று படையல் முடிந்து சனம் போன பிறகு, மாமி பாத்திரம் துடைத்துக்கொண்டு பழைய பாட்டைத் தொடங்கினா. "ஒரு பேரப்பிள்ளையைத் தந்திட்டாவது போயிருக்கலாம். எல்லாம் உன்ர ராசி."

"மாமி, உங்கட மகனுக்கு அந்த ஆசையே இருக்கேல்ல" என்றேன். "எழுதி வச்சிருக்கிறார்."

அவ அதிர்ந்து போவா, என்னோடு சண்டைக்கு வருவா என்று நினைத்தேன். துணியை மடித்து வைத்தா. கதிரையை இழுத்து இருந்தா.

"எனக்குத் தெரியும், பிள்ளை."

"என்ன தெரியும்?"

"கட்ட மாட்டன் எண்டு நிண்டவன். ஏன் எண்டும் சொன்னவன். கட்டினால் எல்லாம் சரிவரும் எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான். சாப்பிடாமல் கிடந்து வாங்கினனான்."

"தெரிஞ்சுகொண்டோ என்னை அத்தனை பேருக்கு முன்னால சொன்னனீங்கள்?"

"அவனைச் சொல்ல ஏலுமே?" என்றா மாமி. அவ்வளவுதான். அழவில்லை. என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு, "நீ சாப்பிட்டியே?" என்று கேட்டா.

அன்றைக்குத்தான் எனக்கு உங்கள் இரண்டு பேரையும் விளங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இரகசியத்தைக் காத்தீங்கள். காவலுக்கு என்னை வாசலில் நிறுத்தி வைத்தீங்கள். அடி முழுக்க எனக்கு. அடுத்த கிழமை உங்கட அக்கா வந்து மாமியைக் கூட்டிக்கொண்டு போனா. படியில் இறங்கும்போது மாமி திரும்பிப் பார்த்தா. நான் கையசைத்தேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒரு அன்ரி என் தோளைத் தடவி, "புருசனை நினைச்சுக்கொண்டு தவம் மாதிரி இருக்கிறாய், நீ பத்தினி" என்றா. முந்தி என்றால் தலையைக் குனிந்திருப்பேன். "இல்லை அன்ரி, நான் தவம் ஒண்டும் இருக்கேல்ல. எனக்கு முப்பத்திமூண்டு வயது. ஆரும் நல்ல ஆள் வந்தால் கட்டுவன்" என்றேன். அவ கையை எடுத்துக்கொண்டு போய்விட்டா. நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

எனக்கு ஆசை இருக்கிறது, ரகு. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உங்களுக்கு இல்லாததைப் போலவே எனக்கு இருக்கிறதும் வெட்கப்பட வேண்டிய ஒன்றில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்களைப் பற்றி யாராவது கேவலமாகச் சிரித்தால் அந்த இடத்திலேயே எழும்பி நின்று மறுப்பேன். உங்களை ஆம்பிளை இல்லை என்று சொல்ல ஒருத்தரையும் விடமாட்டேன். ஆனால் எனக்கு ஏன் பிள்ளை இல்லை என்று இனி யார் கேட்டாலும், உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். நீங்கள் சொல்லாமல் விட்டதை மிச்சக் காலம் முழுக்க என் உடம்பில் சுமக்க என்னால் ஏலாது.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதையுங்கோ. இன்னும் இல்லை.

மூன்றரை வருசம் உங்களுக்கு மனுசியாக இருந்த,
சுபா