மூச்சைப் பிடித்துக்கொண்டவர்கள்

மார்ச் 4
இன்று பதினான்கு பேருக்குக் கண் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். லென்ஸ் பொருத்துகிற அண்ணன், எங்கள் லென்ஸ் அண்ணன், கவுன்டரில் ஃப்ரேம்களைச் சரிசெய்துகொண்டே சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். கொஞ்ச நாளாக இதே கூத்து. நாள் முழுக்க மாடு மாதிரி அசைபோடுகிறார். மதியம் என்னிடமும் நீட்டினார். இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

"ஒண்ணு போட்டுக்கோ தங்கச்சி. சர்க்கரை இல்லாதது. சாப்பிட்டதும் மென்னா ஈறுக்கு நல்லதாம்."

"என் ஈறுக்கு என்ன கேடு வந்துச்சு? முதல்ல நீங்க அதைத் துப்பிட்டு வேலையைப் பாருங்க!"

வாடிக்கையாளர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். இது கண்ணாடிக் கடையா, மாட்டுக் கொட்டகையா?

மார்ச் 5
அண்ணனைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு. அப்பாடா.

மார்ச் 9
எழுதக் கை வரவில்லை.

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. இருட்டறையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தருகே குனிந்தேன். கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. "பயப்படாதே செல்லம், மூச்சு விடு" என்றேன்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க ஆன்ட்டி. அப்புறம் விடறேன்."

"ஏய், சும்மா இரு!" என்று அதன் அம்மா அதட்டினாள். ஆனால் அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சிரித்தேன். என்னத்துக்குச் சிரிச்சேன்னு எனக்கே தெரியல.

வீட்டில் என் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "என் வாய் நாறுதா?" என்று கேட்டேன். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"ஒரு தடவை சொன்னேன். மூணு நாள் நீ பேசல."

ஆமாம். ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 10
பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது என்ன? "கிட்டப் போனா பேஷன்ட் பயத்துல மூச்சைப் பிடிச்சுப்பாங்க. தைரியம் சொல்லுங்க." அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள் வேறு. ஐயோ, மானம் போச்சே. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா?

மார்ச் 13
முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன். அதற்குள்ளே சர்க்கரை இல்லாத சூயிங்கம், ஒரே நேரத்தில் இரண்டு. மூன்று நாளில் நான்கு பாக்கெட் தீர்ந்தது. தாடை வலிக்கிறது. துப்பினால் ரத்தக் கறை. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது பழைய கதைதான். அழுத்தித் தேய்ப்பதால் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழியில் லென்ஸ் அண்ணன் எதிரே வந்தார். என் தாடை அசைவதைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார். கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 17
பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் சாயும் முன்பே, "நாத்தம் அடிக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன்.

"நான் பாக்காத வாயா? திறங்கம்மா."

ஈறுக்கு அடியில் காரை கட்டியிருக்கிறது. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. நிற்குமா என்று சொல்ல முடியாதாம். சூயிங்கம் பற்றிக் கேட்டேன். "நல்லதுதான். எச்சில் ஊறும், சாப்பாட்டுத் துணுக்கு போகும். சாப்பிட்டப்புறம் இருபது நிமிஷம் போதும். ஆனா அது துணைக்குத்தான். கல்லா இறுகினதை நாங்கதான் எடுக்கணும்."

கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா? கேட்கவில்லை. பதில் தெரியும்.

மார்ச் 18
மன்னிப்புக் கேட்கலாம் என்று பின்னறைக்குப் போனேன். ஏதோ ஒரு லென்ஸ் அளவைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். கோழை.

மார்ச் 20
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "அண்ணன் மேல தப்பில்ல. என் வாய்தான் நாறுது. அதை நாசூக்கா சொல்லிப் பாத்திருக்கார்."

"தெரியும்மா" என்றார். "பேஷன்ட் மூணு பேர் என்கிட்ட சொல்லிட்டாங்க. உங்களைக் கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன். 'நீங்க சொன்னா தங்கச்சி உடைஞ்சு போயிடும், நானே பக்குவமா சொல்றேன்'னு அவர்தான் தடுத்தார். அவருக்கு சூயிங்கம் பிடிக்கவே பிடிக்காது. உங்ககிட்ட நீட்டணுமேன்னுதான் மெல்லவே ஆரம்பிச்சார். நீங்க கத்தினப்புறம், பின்னறைக்குப் போறேன்னு அவரேதான் கேட்டார்."

நேரா பின்னறைக்குப் போனேன். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணே." அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "விடுங்க மேடம்" என்றார்.

மேடம். பதினோரு வருஷமா தங்கச்சின்னு கூப்பிட்ட மனுஷன். அங்கேயே நின்று அழுதேன்.

ஏப்ரல் 6
அண்ணன் கவுன்டருக்கு வந்துவிட்டார். இன்னும் மேடம்தான். நான் சம்பாதித்தது அது.

ஆடிய பல்லை எடுத்துவிட்டார்கள். மற்றவை தப்பித்தன. ஈறில் ரத்தம் குறைந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு சூயிங்கம் மென்றுகொண்டே என் கணவரிடம் கேட்டேன். "இப்ப எப்படி?"

"பரவால்ல. காலையில மட்டும் கொஞ்சம் இருக்கு."

சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வேற ஏதாவது இருக்கா? என்கிட்ட சொல்லாம வச்சிருக்கறது?"

அவர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.