கழுத்தில் வைத்த புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

இன்று எங்கள் மயக்க மருந்துத் துறையில் ஒரு கூத்து. ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் அண்ணனுக்குக் கழுத்து கொஞ்சம் பருமன். அவரைப் படுக்க வைத்து, மூச்சு அடைத்தால் எங்கே வெட்டுவோம் என்று ஆறு டாக்டர்களும் விரலால் தடவி ஆளுக்கொரு புள்ளி வைத்தோம். பிறகு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். குரல்வளையில் இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு இருக்கிறதே, அதுதான் இடம். ஒரே ஒரு புள்ளிதான் அதன் மேல் இருந்தது. அதுவும் என்னுடையது இல்லை. துறைத் தலைவருடையது ஒரு கட்டைவிரல் அகலம் மேலே.

"மிஷின் தப்பா காட்டுது" என்றார். இருபத்தைந்து வருஷ அனுபவமாம் அந்த விரலுக்கு. அதை நம்பி யார் கழுத்தைக் கொடுப்பது?

மார்ச் 4

ஸ்கேன் மிஷினைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்குப் பெயரும் வைத்தாயிற்று: புள்ளி டாக்டர்.

மார்ச் 9, திங்கள்

ஒரு பஸ் டிரைவர். பல்லில் ஆரம்பித்த சீழ் கீழே இறங்கி, தாடை எது கழுத்து எது என்று தெரியவில்லை. வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. நாளை காலை ஆபரேஷன். மூச்சுக்காக வாய் வழியே விடும் குழாய் உள்ளே போகாவிட்டால் கழுத்தில் வெட்டுவதுதான் வழி. தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கெஞ்சிக் கூத்தாடி மிஷினை வாங்கி, வார்டிலேயே பார்த்து, பேனாவால் புள்ளி வைத்தேன்.

"இது எதுக்கும்மா?" என்றார் அவர் மனைவி.

"தேவைப்படாதுக்கா. தேவைப்பட்டா, அந்த நேரத்துல தேடிக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல."

மார்ச் 10

காலையில் தியேட்டரில் பார்த்தால் புள்ளியைக் காணோம். "பெரிய டாக்டர்தான் துடைக்கச் சொன்னார். பேஷண்ட் பயந்துடுவாராம்" என்றார் சிஸ்டர். அவரைப் பிடித்துக் கத்தித் தீர்த்துவிட்டேன். சொன்னவர்கிட்ட கத்த முடியாது, துடைச்சவங்ககிட்ட கத்தலாம் — வெட்கமா இருக்கு.

மிஷினும் மறுபடி தலைவர் அறைக்குப் போயிருந்தது; அது வராமல் ஆரம்பிக்க மாட்டேன் என்று நின்றேன். இருபது நிமிஷம் கழித்து வந்தது. தலையணையை எடுத்து, கழுத்தை முடிந்த அளவு பின்னால் சாய்த்துப் பார்த்தேன். கிட்டே போனால் பழைய மை லேசாகத் தெரிந்தது. சரியான இடம் அதிலிருந்து அரை அங்குலம் தள்ளி. அங்கே புதிதாகப் புள்ளி வைத்தேன். நேற்று தலையணையோடு அல்லவா புள்ளி வைத்தேன்? சாய்த்ததும் தோல் நகர்ந்திருக்கிறது. இதுகூடவா எனக்குத் தோணல?

குழாய் போகவில்லை. ஒரே ரத்தம். ஆக்சிஜன் தொண்ணூறு, எழுபது, ஐம்பது. புதுப் புள்ளியில் வெட்டினேன். பிழைத்துக்கொண்டார். தலைவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

மார்ச் 11

ஆபரேஷனைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவிடமிருந்து மெமோ. எனக்கு! மனுஷன் உயிரோட இருக்கார், இவங்களுக்கு இருபது நிமிஷம்தான் கணக்கு.

எல்லாவற்றையும் எழுதினேன். புள்ளி போனது, மிஷினைப் பூட்டியது, என் தலையணைத் தப்பு. கடைசியை எழுத மனசே வரல. எழுதாவிட்டால் அடுத்தவர் அதே தப்பைச் செய்வார். மிஷின் தியேட்டரிலேயே இருக்க வேண்டும், நான் கேட்டது அது ஒன்றுதான்.

மார்ச் 13

விசாரணைக் குழுவுக்குப் போகும் முன் என் விளக்கத்தைத் தலைவர் 'சுருக்கி' டைப் செய்து, கையெழுத்துக்கு அனுப்பினார். துடைத்தது இல்லை. பூட்டு இல்லை. தலையணை மட்டும் பத்திரமாக இருக்கிறது. எவ்வளவு நெஞ்சழுத்தம். கிழித்துப் போட்டுவிட்டு, பழையதையே கையால் மறுபடி எழுதினேன்.

சிஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் எழுதிய விளக்கத்தை அவர் வாங்கிப் படித்தார். 'புள்ளி துடைக்கப்பட்டிருந்தது' என்று அவருக்காக நான் பூசி மெழுகிய இடத்தில் நிறுத்தினார். ரிட்டயராக ஒன்பது மாசம்தான் இருக்கிறது அவருக்கு. என் பேனாவை வாங்கி, "துடைத்தது நான். துடைக்கச் சொன்னவர் துறைத் தலைவர்" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 20

மிஷின் தியேட்டருக்கு வந்துவிட்டது. சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.