நீ போடாத டீ

நேற்றுச் சாயங்காலம் கல்யாணி உன் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். தோள்பட்டை பிய்ந்து, நீயே கோணிஊசியால் தைத்த அந்த நீலப் பைதான். ஜிப்பைத் திறந்ததும் கையில் பூசுகிற வெள்ளைப் பொடியும் வியர்வையும் பாறைத் தூசியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். வேண்டாம், மூடியே இருக்கட்டும் என்றேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் வாடை இன்னும் போகவில்லை.

உள்ளே உன் ஷூ, இடுப்புப் பட்டை, பொடிப் பை. பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இரண்டு முழக் கயிறு ஒன்று. அதில் சுற்றி ஒரு காகிதம். காகிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு வருஷமாக அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது மலை மந்திர் முருகன் கோவில் படிக்கட்டில். இருபத்திரண்டு வருஷம் இருக்குமா? நான் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். நீ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாய். மூன்றாவது சுற்றில் என் பக்கத்தில் நின்று, "இப்படி மூச்சு வாங்குனா முருகனே பயந்து கீழ எறங்கி வந்துருவான்லே" என்றாய். முன்பின் தெரியாதவனை 'லே' போட்டுப் பேசுகிறானே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் டெல்லிக்கு வந்த புதிது. அலுவலகத்தில் அச்சாவும் டீக் ஹையும் கேட்டுக் கேட்டுக் காது காய்ந்து கிடந்தது. திருநெல்வேலிப் பேச்சு என்றாலும் தமிழ் தமிழ்தானே. அடுத்த சனிக்கிழமையே என்னைப் பாறை ஏறும் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

சனிக்கிழமை பாறை, ஞாயிற்றுக்கிழமை மலை நடை. பதர்பூர் வரை போய், அங்கிருந்து கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு ஃபரிதாபாத் தாண்டி ஆரவல்லிப் பாறைகளுக்குப் போவோம். ராத்திரி கூடாரத்தில் படுத்து, மறுநாள் கீக்கர் என்கிற கருவேல முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏரி வரை நடப்போம். வெயில் வந்துவிட்டால் பாறையைத் தொட முடியாது என்பதால் ஏப்ரலில் மூடினால் அக்டோபரில்தான் கிளப் திறக்கும். அந்த ஆறு மாதமும் நீ கூண்டுக்குள் அடைத்தது போல இருப்பாய். கல்யாணிகூடச் சொல்லுவாள், "இவுகளுக்குக் கோடை வந்தா வீடு சேராது அண்ணே" என்று.

கிளப்பை நடத்துகிற நேகி ஜி வைத்திருந்த ஒரே சட்டம் முடிச்சுச் சட்டம். ஏறப் போகிறவன் கயிற்றில் எட்டு மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு, முனையை இடுப்புப் பட்டை வளையத்தில் நுழைத்து, அந்த எட்டின் தடத்திலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும். கீழே நின்று கயிறு பிடிக்கிறவன் அதைப் பார்த்து விரலால் தட்டிய பிறகுதான் பாறையில் கை வைக்கலாம். முடிச்சில் தப்பு இருந்தால், பார்த்தவன் சும்மா சரி செய்துவிடக் கூடாது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "காண்ட் கலத்!" என்று கத்த வேண்டும். முடிச்சு தப்பு என்று அர்த்தம். அவரவர் நின்ற இடத்தில் நின்றுவிடுவார்கள். தப்புப் போட்டவன் அன்றைக்குப் பாறையைத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் அவன்தான் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

முதல் தடவை நீ என்னைக் காட்டிக்கொடுத்தபோது மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு நீ சொன்னாய்: "மானம் போனா சாயங்காலம் திரும்பி வந்துரும்லே. ஆளு போனா வருவானா?"

இத்தனை வருஷத்தில் நான் ஏழு தடவை டீ போட்டிருக்கிறேன். நேகி ஜியே இரண்டு தடவை போட்டிருக்கிறார். நீ ஒரு தடவைகூடப் போட்டதில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கருப்பட்டியும் சுக்கும் வாங்கிப் பையில் தயாராக வைத்திருப்பாய். "எந்நாளைக்காவது தப்பு விட்டேன்னா ஒங்க எல்லாவனுக்கும் கருப்பட்டி டீதான்" என்று ஆசை காட்டுவாய். ஆனால் தப்பு விட மாட்டாய். "இவன் கை டீயைக் குடிக்காமலே போய்ச் சேரப்போகிறேன்" என்று நேகி ஜி இந்தியில் அலுத்துக்கொள்வார்.

போன பிப்ரவரிக்கு வருகிறேன். கிழவி மூக்கு என்று நாம் பெயர் வைத்த பாறையில் நீ முதல் ஆளாக ஏற வேண்டிய சனிக்கிழமை. முதல் ஆளுக்கு மேலே கயிறு இருக்காது, தன்னோடுதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு வருஷமாக அதற்காகக் காத்திருந்தாய். ஐம்பது தாண்டியவர்கள் முதல் ஆளாக ஏறுவதை யோசிக்கலாமே என்று நேகி ஜி அந்த வாரம்தான் பேச்சை எடுத்திருந்தார். நீ எட்டுப் போட்டாய். வளையத்தில் நுழைத்தாய். அத்தோடு விட்டுவிட்டுக் கையில் பொடி பூச ஆரம்பித்தாய். கயிற்று முனை உன் தொடை மேல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு முடிச்சாகவே இல்லை.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். தட்டு என்று இடுப்பை நீட்டினாய்.

கத்த வாயெடுத்தேன். பத்தடி தள்ளி நேகி ஜி நின்றிருந்தார். கத்தினால் உனக்கு அன்றைக்குப் பாறை இல்லை. அதன் பிறகு முதல் ஆள் என்கிற பேச்சே இல்லை. அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பட்டையில் தூசி தட்டுகிறவன் மாதிரி அந்த முடிச்சை நானே முடித்தேன்.

"என்னலே பண்ணுத?"

"ஒண்ணுமில்லடா. கொஞ்சம் இறுக்கிவிட்டேன். போ."

நீ ஏறினாய். அவ்வளவு அழகாக நீ ஏறி நான் பார்த்ததில்லை. உச்சியில் நின்று இரண்டு கையையும் தூக்கினாய். கீழே எல்லோரும் கைதட்டினார்கள். நல்லவேளை கத்தவில்லை என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மார்ச்சில் மறுபடியும் அதே. மறுபடியும் நான் முதுகைக் காட்டி நின்றேன். மறுநாள் மலை நடையில், நூறு தடவை போன பாதை பிரிகிற இடத்தில் நின்று, "எந்தப் பக்கம்லே?" என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. "வயசாயிடுச்சுடா உனக்கு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் நடந்தேன். நீயும் சிரித்துக்கொண்டு பின்னால் வந்தாய். உனக்கு முன்னால் நான் நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் கிளப்பை மூடினார்கள். ஜூலையில் நீ குளியலறையில் விழுந்தாய். மூளையில் கட்டி என்றார்கள். டாக்டர் கல்யாணியையும் என்னையும் உட்காரவைத்து, கொஞ்ச மாதங்களாக மறதியோ, கை வேலையில் தடுமாற்றமோ ஏதாவது இருந்ததா, முன்பே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று கேட்டார். "தலைவலின்னு ரெண்டு மூணு தடவ சொன்னாவ, வேற ஒண்ணுமில்ல" என்றாள் கல்யாணி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. அக்டோபரில், கிளப் திறந்த இரண்டாவது வாரம் நீ போய்விட்டாய். கடைசி நாட்களில் என்னை அடையாளம் தெரியவில்லை உனக்கு. ஆனால் போர்வை முனையைப் பிடித்து விரல்கள் எதையோ மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தன. என்ன பண்ணுகிறீர்கள் என்று நர்ஸ் இந்தியில் கேட்டபோது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே ஓடிப்போய் நடைபாதையில் நின்று அழுதேன்.

இனி அந்தக் காகிதம். நேற்று கல்யாணி கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அதைப் பிரித்தேன். ஆபீஸில் இத்தனை வருஷம் வரைபடம் போட்ட உன் கை. குண்டு குண்டான எழுத்து, பக்கத்தில் பென்சில் படம்.

ஒன்று, எட்டுப் போடு. இரண்டு, வளையத்தில் நுழை. மூன்று, வந்த வழியே திரும்பு. இந்த மூன்றாவதன் அடியில் மட்டும் இரண்டு கோடு. நான்கு, சேகரிடம் காட்டு. தப்பு இருந்தால் அவன் கத்துவான்.

இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட முடிச்சை நீ காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் விரல்கள் மறப்பது உனக்குத் தெரிந்து, பயந்து, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து படித்திருக்கிறாய். நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாய். ஒருவேளை நான் கத்தாததால், அப்படி ஒன்றும் மோசமில்லை என்றுகூட நினைத்திருப்பாய்.

"கோடை பூரா பால்கனில அந்தக் கயித்தோடதான் கெடந்தாவ அண்ணே" என்றாள் கல்யாணி. "என்னத்துக்குன்னு கேட்டா, சேகருட்ட மாட்டிக்கிடக் கூடாதுலான்னு சிரிப்பாவ."

அதற்கு மேல் தாங்கவில்லை. பிப்ரவரி, மார்ச், டாக்டர் கேட்டது, நான் காலண்டரைப் பார்த்தது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். காபியில் ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஒங்களைத்தான் நம்புனாவ அண்ணே" என்றாள். "நானும்தான்."

கீழே ஆட்டோ வரை கூடப் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இனி வருவாளா, தெரியாது. வராவிட்டால் அவள்மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நீ போனதிலிருந்து நான் பாறைப் பக்கம் போகவில்லை. இந்தச் சனிக்கிழமை போகிறேன். உன் இரண்டு முழக் கயிறும் காகிதமும் என் பையில் இருக்கின்றன. இனி நான் பாறை ஏறுகிற காலமெல்லாம் அங்கேயேதான் இருக்கும். இன்று ஆபீஸ் விட்டு வரும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கிக் கருப்பட்டியும் சுக்கும் வாங்கினேன். நம் கடைக்காரர் உன்னைக் கேட்டார். சொன்னேன். கட்டின பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு கருப்பட்டி வட்டு எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். யார் முடிச்சுத் தப்பு, யார் பார்த்தது என்று நேகி ஜி கேட்பார். சட்டப்படி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவேன். போன பிப்ரவரியில் உன் முடிச்சு தப்பு என்று. பார்த்தவன் நான் என்று. அன்றைக்கே கத்தியிருந்தால் இந்த டீயை நீ போட்டிருப்பாய் என்று.