கரி அடுப்பும் விழுங்கியவர்களும்

பிப்ரவரி 9

மூக்கு டாக்டரிடம் கடைசி முறையாகப் போய் வந்தேன். கடைசி என்பது என் முடிவு, அவருடையது அல்ல. "வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்று இன்றும் சொன்னார். இதைச் சொல்ல அத்தனை வருஷம் படிக்க வேண்டுமா? ஒரு காசைச் சுண்டிப் போட்டால் காசும் இதையேதான் சொல்லும்.

காய்ச்சல் என்னை விட்டுப் போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு மட்டும் லேசாகத் தெரிகிறது, பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல. மற்றதெல்லாம் அட்டை. தேயிலைக் கம்பெனியில் தலைமுடி நரைக்கும்வரை ருசி பார்த்தவன் நான். சம்பளம் வாங்கியது என் நாக்கு. நான் அதைச் சுமந்துகொண்டு போய் வந்தவன், அவ்வளவுதான். இப்போது "நல்லா ஓய்வெடுங்க" என்கிறார்கள். வழியனுப்பு விழாகூட வைக்கவில்லை. எப்படி வைப்பார்கள், எல்லோருக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து என் முகத்தைப் பார்ப்பார்களா?

வாழ்க்கை கசந்துவிட்டது என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கசப்பும் தெரியாது.

பிப்ரவரி 15

மச்சான் வந்தான். இவளுடைய தம்பி. என்ன சொன்னாலும் "ஆமா அத்தான்" என்பான். மழை வரும் என்றாலும் ஆமாம், வராது என்றாலும் ஆமாம். இன்று அதிசயமாக அவனாகவே ஒன்று சொன்னான். அவனுடைய முதலாளி வீட்டுத் தோட்டத்தில் கரி அடுப்பு வைத்து, ஞாயிறு தவறாமல் கோழி சுடுகிறார்களாம். நம் வீட்டுக் கொல்லையும் சும்மாதானே கிடக்கிறது என்றான். "சும்மா" என்றபோது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் யோசனை மண்டையில் உட்கார்ந்துவிட்டது. நெருப்பைக் கண்ணால் பார்க்கலாம். கொழுப்பு சொட்டிச் சீறுவதைக் காதால் கேட்கலாம். வெந்ததா என்பதைத் தெர்மாமீட்டர் சொல்லும். மூக்கும் நாக்கும் இல்லாதவன் செய்யக்கூடிய சமையல் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பிப்ரவரி 17

கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் வாயைத் திறப்பதற்குள் ஆறு பர்னர் வைத்த கேஸ் அடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பக்கவாட்டில் தட்டு, அடியில் சக்கரம், உள்ளே விளக்கு. ஓட்டுநர் உரிமம் கேட்பார்களோ என்று தோன்றியது. இத்தனை பெரியது எதற்கு, வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்றேன். "சொந்தக்காரங்க வருவாங்கல்ல சார்" என்றார். பாவம், என் சொந்தக்காரர்களை அவருக்குத் தெரியாது.

கேஸில் சௌகரியம் அதிகம், புகைமணம் கிடையாது. கரியில் மணம் வரும், ஆனால் பழக நாளாகும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். மணம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. கரிதான் வேண்டும் என்றேன். உருண்டையாக, மூடி போட்டது, மேலும் கீழும் காற்றுத் துளை உள்ளது. நடுத்தர அளவு. இடுக்கி, கம்பி பிரஷ், தெர்மாமீட்டர், புகைக்கு ஒரு பை விறகுச் சீவல்.

கரியைப் பற்றவைக்கத் தகரக் குழாய் ஒன்று காட்டினார். அதில் கரியை நிரப்பி அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் தானே பிடித்துக்கொள்ளுமாம். ஒரு தகரக் குழாய்க்கு இவ்வளவா என்று வைத்துவிட்டேன். பதிலாகப் பற்றவைக்கும் எண்ணெய் ஒரு பாட்டில். ஊற்றினோமா, கொளுத்தினோமா, முடிந்தது.

பிப்ரவரி 18

பூட்டி முடித்தேன். ஒரு நட்டு மீதி. எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை. அடுப்பு நிற்கிறது, போதும்.

பிப்ரவரி 22

முதல் நெருப்பு!

எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன், ஆள் உயரத்துக்கு எழுந்தது. இவள் பின்வாசல் கதவருகே ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். கரி பிடித்ததும் சீவலைப் போட்டு மூடினேன். முதலில் புகை சரியாக வரவில்லை. மேல் துளையை முக்கால்வாசி அடைத்தேன். வந்தது பாருங்கள், பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளை வெளேரென்று, கெட்டியாக. இவ்வளவு புகை என்றால் எவ்வளவு மணம் இருக்கும்! என்னால் முகர முடியாததைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு நல்ல அரை மணி நேரம்.

கோழிக்கால்கள் பழுப்புத் தங்கமாக வந்தன. நிறத்தில் நான் ஏமாற மாட்டேன், நிறம் பார்ப்பதும் என் தொழில்தான். மகள் வந்திருந்தாள். "சூப்பர்ப்பா" என்றாள். இவள் "நல்லா இருக்கு" என்றாள், ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தாள். வெயில் அப்படி.

மார்ச் 1

மீன். மச்சான் சாப்பிட்டுவிட்டு "கடைல கூட இப்படிக் கெடைக்காது அத்தான்" என்றான். வீட்டுக்குக் கொஞ்சம் கட்டித் தருகிறேன் என்றேன். அவன் மனைவிக்குப் பல்வலியாம்.

மார்ச் 8

மழையில் சீவல் நனைந்துவிட்டது. நனைந்ததில் புகை இன்னும் பிரமாதமாக வருகிறது. இனி நனைத்தே போடலாம்.

மார்ச் 12

கம்பெனி ஆட்களைக் கூப்பிடப் போகிறேன். அவர்கள் எனக்கு விழா வைக்காவிட்டால் என்ன, நான் அவர்களுக்கு வைக்கிறேன். மேலாளர், தரம் பிரிக்கும் பிரிவில் உள்ளவர்கள், அப்புறம் பக்கத்து நாற்காலி. அவருக்கு நான் வைத்த பெயர் அது. ருசி அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வந்து தின்று பார்க்கட்டும். ஆள் தீர்ந்துவிட்டான் என்று எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா, அதை அழிக்கட்டும்.

இவளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள். ஓட்டலில் சொல்லிவிடலாமே, இத்தனை பேருக்கு எதற்கு சிரமம் என்றாள். சிரமம் எனக்குத்தானே, உனக்கு என்ன என்றேன். உங்கள் இஷ்டம் என்று மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். வீட்டில் ஒருத்தன் நிமிர்ந்தால் பிடிக்காது!

மார்ச் 15

ஒத்திகை. பக்கத்து வீட்டு நாய்க்குச் சதையோடு ஒரு எலும்பு போட்டேன். முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. கொழுத்த நாய். வேளாவேளைக்கு வைத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 22

எல்லாம் முடிந்தது. எழுதிவிட வேண்டும், நாளைக்கு என்றால் எனக்கே சமாதானம் கண்டுபிடித்துக்கொள்வேன்.

எல்லோரும் வந்தார்கள். கொல்லை நிறைய நாற்காலி. புகை மதில் தாண்டிப் போனது. தட்டுகள் போயின. "பிரமாதம்" என்றார் மேலாளர். "அபாரம்" என்றார்கள் தரம் பிரிப்பவர்கள். மச்சான் இரண்டையும் சேர்த்துச் சொன்னான். நான் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

பக்கத்து நாற்காலி ஒரு துண்டை வாயில் வைத்தார்.

எங்கள் தொழிலில் விழுங்குவது கிடையாது. கரண்டியில் எடுத்து, உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, துப்ப வேண்டும். அதற்கென்று காலடியில் பாத்திரம் இருக்கும். நல்லதோ கெட்டதோ, துப்பிவிட்டுத்தான் பேச்சு. பல வருஷம் செய்தவனுக்கு அது கொட்டாவி மாதிரி, தானாக வரும். கல்யாண விருந்தில்கூட முதல் வாயை எடுத்ததும் எங்கள் கண் பாத்திரத்தைத்தான் தேடும்.

அவர் மென்றார். கன்னம் நின்றது. கண் தரையில் பாத்திரத்தைத் தேடியது. பிறகு நிமிர்ந்து என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தார். விழுங்கினார். தொண்டை மேலே போய், ஒரு நொடி நின்று, கீழே இறங்கியதை நான் பார்த்தேன். மருந்து விழுங்கும் தொண்டை அது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

அதற்குப் பிறகு எல்லாத் தொண்டையையும் பார்த்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். தட்டில் எலும்புக்கடியில் ஒளித்த சதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, என் கொல்லையில் இன்று ஆளுக்கொரு பூசணிக்காய்.

திரும்பிப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்றது இவள்.

மார்ச் 23

காலையில் பக்கத்து நாற்காலிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. நேற்று ஏன் விழுங்கினீர்கள் என்றேன்.

"மேடம் பாத்துட்டே நின்னாங்க சார்."

சரி, அறிக்கை சொல்லுங்கள் என்றேன். ருசி அறையில் கேட்பது போலத்தான் கேட்டேன். அவரும் அதே குரலில் சொன்னார். முதலில் மண்ணெண்ணெய் நெடி. அடுத்து ஈரக்கரி. கடைசியில் கசப்பு, வெகுநேரம் நிற்கிறது, தொண்டையைப் பிடிக்கிறது. விற்பனைக்கு ஆகாது.

வலித்தது. ஆனாலும், இத்தனை மாதத்தில் நோயாளியிடம் பேசுவது போல என்னிடம் பேசாதவர் அவர் ஒருவர்தான். நன்றி சொன்னேன். அவர் அழுகிறாரோ என்று தோன்றியதால் வைத்துவிட்டேன்.

பிறகு இவள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரிடமும் நீதான் சொல்லி வைத்தாயா என்றேன். மறைக்கவில்லை.

"ஆமா. மககிட்ட, தம்பிகிட்ட, வந்தவங்க எல்லார்கிட்டயும் நாந்தான் சொன்னேன். நல்லா இருக்குன்னு சொல்லுங்கன்னு."

ஊரே கூடி என்னைக் கோமாளி ஆக்கினீர்களா என்று கத்தினேன். அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அடுப்பு வந்தப்புறந்தான் நீங்க மறுபடி ஷேவ் பண்ண ஆரம்பிச்சீங்க. அதுக்காகக் கரியத் தின்னா என்ன, தின்னுட்டுப் போறேன்னு இருந்தேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா. உன்னை யார் ருசி பார்க்கச் சொன்னது என்றேன்.

"அதானே. இந்த வீட்ல என்னைக்கு என்னை ருசி பாக்கச் சொல்லியிருக்கீங்க?"

மார்ச் 24

பேச்சு இல்லை. சாப்பாடு மேஜைக்கு வருகிறது, போகிறது.

மார்ச் 28

காய்ச்சல் வரும்வரை தினமும் காலையில் இவள் போட்ட தேநீரை ஒரு வாய் உறிஞ்சுவேன். "இன்னிக்குக் கொஞ்சம் கொதிச்சிருச்சு", "இன்னிக்குப் பரவால்ல". கல்யாணமான மறுநாளிலிருந்து. அவள் அதே பானையிலிருந்து ஊற்றிக் குடிப்பாள். அவளுக்கு அது எப்படி இருந்தது? தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

இதை எழுதினால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 2

அடுப்பைக் கடையிலேயே தள்ளிவிடலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆறு பர்னர்காரர் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். ஒரு நட்டு குறைகிறதே சார், எடுக்க மாட்டோம் என்றார். நட்டு வீட்டில்தான் இருக்கிறது என்றால், அப்படியானால் ஒழுங்காகப் பூட்டவில்லை என்கிறார். எப்படியும் குற்றம் என்னுடையது.

என்ன கோளாறு என்று கேட்டார். கசப்பு என்றேன். புகை எப்படி வந்தது என்று கேட்டார். வெள்ளையாக, கெட்டியாக என்று பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அதுவே மரியாதை. வெள்ளைப் புகை என்றால் நெருப்பு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தமாம். துளையைத் திறந்து வைக்க வேண்டும், சீவல் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் கூடவே கூடாது. நல்ல புகை கண்ணுக்கே தெரியாதாம்.

கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. எனக்கென்றே செய்தது போல இருக்கிறது.

தகரக் குழாயை வாங்கிக்கொண்டு, அடுப்பையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 3

நட்டு அடித் துளை மூடியுடையது.

ஏப்ரல் 12

இன்று யாரையும் கூப்பிடவில்லை.

குழாயில் கரியை நிரப்பிக் காகிதம் வைத்துக் கொளுத்தினேன். வெள்ளைப் புகை வந்தது, போகட்டும் என்று காத்திருந்தேன். கரி சாம்பல் பூத்ததும் ஒரு பக்கமாகக் கொட்டி, கோழியை மறுபக்கம் வைத்து மூடினேன். மூடிக்கு மேல் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று கொஞ்சம் நடுங்கியது. அணைந்துவிட்ட அடுப்பைக் காவல் காப்பது போல இருந்தது. துளையை அடைக்கக் கை பரபரத்தது. கையைப் பையில் விட்டுக்கொண்டேன்.

ஒரு துண்டைத் தட்டில் வைத்து, கூடவே ஒரு பழைய பாத்திரமும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இவள் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் வார்த்தை நான்தான் பேச வேண்டியிருந்தது.

"ருசி பாத்துச் சொல்லு. துப்பணும்னா இதுல துப்பு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மென்றாள். நிதானமாகப் பாத்திரத்தை இழுத்து, துப்பினாள். இன்னும் கசக்கிறது என்றாள். போன தடவை போல இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, ஆனால் பின்னால் கொஞ்சம் நிற்கிறது. என் வேலைக்கு ஆள் எடுத்திருந்தால் இவளையே எடுத்திருக்கலாம்.

வெளியே போய் மேல் துளையை முழுக்கத் திறந்தேன். காத்திருந்து அடுத்த துண்டைக் கொண்டுவந்தேன். மென்றாள். இந்த முறை ரொம்ப நேரம். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை எடுத்து அதையும் துப்பினாள்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இதுவுமா என்றேன்.

"இது நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் துப்பின?"

"முழுங்கினா நீங்க நம்ப மாட்டீங்களே."

மூன்றாவது துண்டை இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டோம். உப்பு போதுமா என்று கேட்டேன். கொஞ்சம் குறைவு என்றாள்.

என் பாதியை நானும் தின்றேன். சூடாக இருந்தது.