இறுகிய போல்ட்

வெள்ளி இரவு.

என் முதலாளி, அர்பாப், தன் கையாலேயே வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களை இன்று காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்டுப் பார்த்தார். மருந்து அதிகமாகப் போட்டவைதான் குறி பிசகாமல் பாய்ந்தன. ஐந்து ஓட்டைகளும் ஒரு திர்ஹம் காசுக்குள் அடங்கின. "கலாஸ், இதுதான்!" என்று சிரித்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் சுட்ட பிறகு துப்பாக்கியின் பின்பூட்டான போல்ட்டைத் திறக்க உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது. மருந்து மிகுந்ததால் காலைக் குளிரிலேயே உள்ளே அவ்வளவு அழுத்தம். வெயில் ஏறினால் துப்பாக்கியே வெடிக்கலாம். சொன்னேன். "மாஃபி முஷ்கில்", ஒன்றும் ஆகாது என்றார். நாளை நண்பகலில் அதே தோட்டாக்களோடு போட்டி. அவர் தோளருகே நிற்பது என் டூட்டி.

"லீவு போடுங்கோ அண்ணை," என்றான் ரூமில் ரமணன். அவனுக்கும் அதே ரேஞ்சில்தான் வேலை. நான் போகாவிட்டால் அங்கே நிற்கப்போவது அவன்தான். அது அவனுக்குத் தோன்றவில்லை. தூங்கிவிட்டான்.