அறுபத்துமூன்று நிமிடம்

மாமி,

இன்று காலை மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தது. நான்காம் மாடிக்காரருடைய முறை. மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. குசினி யன்னலுக்கு வெளியே தண்ணீர் சுவரில் அடித்து விழுகிற சத்தம் கேட்டதும், "மாமி, தாங்கி" என்று கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்கள் மகன் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு மேலே போய் மோட்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

நீங்கள் இருந்தவரை அந்தத் தாங்கி ஒரு நாளும் வழிந்ததில்லை. யாருடைய முறையானாலும் நேரம் பார்த்து ஏறிப் போகிறவர் நீங்கள்தான். எந்தப் பைப்பில் எவ்வளவு வரும், எத்தனை நிமிடத்தில் எந்த மட்டத்துக்கு ஏறும் என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தத் தாங்கியால்தான் நானும் உங்களிடம் பிடிபட்டேன். அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை. இன்றைக்காவது எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கலியாணம் முடித்து இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது, உங்கள் சொந்தக்காரர் என் தமிழைக் கேட்டு வாய்க்குள் சிரித்தார்கள். "செஞ்சேன்" என்று நான் சொன்னால், "செய்தனான்" என்று உங்கள் ஊர்த் தமிழில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். நீங்கள் சிரிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. அதனாலேயே உங்கள் முன்னால் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அளவுக்கு மிஞ்சி இருந்தது.

அரசாங்க சேவைக்கு ஆள் எடுக்கிற போட்டிப் பரீட்சையில் முதல்முறை கணக்குத் தாளில் கோட்டைவிட்டேன். அடுத்த முறைதான் கடைசி. அதைத் தாண்டினால் வயதெல்லை போய்விடும். பெறுபேறு வந்த அன்றே என் கையிலிருந்த அகப்பையை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

"சமையலை நான் பாக்கிறன். நீர் கணக்கைப் பாரும்."

காலி வீதிப் புத்தகக் கடையில் ஒரு மாதிரி வினாத் தொகுப்பு வாங்கி வந்தேன். நீங்கள் முதலில் செய்த வேலை, பின்னால் இருந்த விடைப் பக்கங்களை பிளேட்டால் வெட்டி எடுத்ததுதான். அவற்றை மடித்துக் குசினியில் மாவு போட்டுவைக்கிற மாப்பேணிக்குக் கீழே வைத்தீர்கள். "இது கண்ணுக்கு முன்னால கிடந்தால் கை தன்ர பாட்டில போய்த் திறக்கும்" என்றீர்கள். என்னை அவ்வளவு சரியாக எடைபோட்டிருந்தீர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தினமும் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருபது கணக்கு, ஒரு மணித்தியாலம். முடிந்ததும் நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைத் துணியில் அளவு குறிக்கிற சிவப்புப் பென்சிலோடு வந்து உட்காருவீர்கள். வினாவை வாசிக்கமாட்டீர்கள். என் விடையும் அவர்களுடைய விடையும் பார்வைக்கு ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் உங்கள் கணக்கு. நான் அரை என்று பின்னத்தில் எழுதி, அவர்கள் தசமத்தில் போட்டிருந்தால் எனக்குப் பிழைதான். இரண்டும் ஒன்றுதான் என்று நான் மன்றாடுவேன்.

"ரெண்டும் ஒண்டெண்டால் ஏன் ரெண்டு மாதிரி எழுதுறாங்கள்?"

அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே பின்னமும் தசமமும் எனக்கு ஒழுங்காகப் பிடிபட்டன.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு நாள் இருபதில் பதினொன்று பிழை. நீங்கள் கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சமைக்கப் போனீர்கள். பின்னேரம் உங்கள் தங்கச்சியோடு தொலைபேசியில் கதைத்தது என் காதில் விழுந்தது. "அவ கெட்டிக்காரி. இந்த முறை எடுப்பா." அதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். நாளைக்கும் பிழை வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் வந்தது.

மறுநாள் நான் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் தாங்கி பார்க்க மேலே போனீர்கள். பதினான்காம் கணக்கில் நான் சிக்கிக் கிடந்தேன். முதல் குழாய் தனியாக ஒரு தாங்கியை அறுபது நிமிடத்தில் நிரப்பும். இரண்டாவது தனியாகத் தொண்ணூறு நிமிடத்தில் நிரப்பும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எத்தனை நிமிடம்? எழுந்து குசினிக்குப் போனேன். மாப்பேணியைத் தூக்கினேன். அந்த ஒரு விடையை மட்டும் பார்த்தேன். 63 என்று இருந்தது. வந்து 63 என்று எழுதினேன். உங்கள் செருப்புச் சத்தம் படியில் கேட்கும்போது நான் பதினைந்தாம் கணக்கில் இருந்தேன்.

நீங்கள் சரி, பிழை, சரி என்று போட்டுக்கொண்டே வந்தீர்கள். பதினான்கில் பென்சில் நின்றது. தாங்கி என்ற சொல் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முதல் தடவையாக வினாவை வாசித்தீர்கள், உதடு அசைய.

"இது எப்படி வந்தது, பிள்ளை?"

"செஞ்சுதான் மாமி."

"ஒரு பைப்பை மட்டும் திறந்தாலே ஒரு மணித்தியாலத்தில நிரம்பிற தாங்கி. ரெண்டையும் திறந்தால் அறுபத்திமூண்டு நிமிசம் எடுக்குமோ? மற்றப் பைப்பால தண்ணி வருதோ, போகுதோ?"

நீங்கள் விடைத்தாளைப் பார்த்தீர்கள். என் கொப்பியைப் பார்த்தீர்கள். அச்சடித்தவர்கள் இரண்டு இலக்கங்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

"புத்தகத்துக்காரன் பிழை விட்டிருக்கிறான்" என்றீர்கள். "நீரும் அதே பிழையை விட்டிருக்கிறீர்."

பிறகு விடைப் பக்கங்களை மடித்து என் பக்கமாகத் தள்ளி வைத்தீர்கள். "இனி இது மேசையிலயே கிடக்கட்டும். ஒளிச்சு வைக்கத் தேவையில்லை." எழும்பிப் போகும்போது திரும்பாமல் சொன்னீர்கள்: "பிழை விட்டால் உம்மட பிழையா விடும், பிள்ளை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தப் பக்கங்கள் மூன்று வாரமும் மேசையில் கிடந்தன. நான் தொடவில்லை.

பரீட்சை மண்டபத்தில் ஒரு கணக்குக்கு எனக்கு வந்த விடை, கொடுத்திருந்த ஐந்து விடைகளிலும் இல்லை. கிட்ட இருந்த ஒன்றுக்குப் பேனை போனது. தண்ணி வருதோ, போகுதோ என்று உங்கள் குரல் கேட்டது. வெட்டிவிட்டு முதலிலிருந்து செய்தேன். சரியான விடை கிடைத்தது. அந்த முறை தெரிவானேன்.

வந்தவர் போனவருக்கெல்லாம் நீங்கள் ஒன்றையே சொன்னீர்கள். "ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. தானாச் செய்து எடுத்தவ." ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்தேன். அவர்கள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எத்தனை பின்னேரம் நாம் இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்திருப்போம். ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

இப்போது அலுவலகத்தில் யாராவது ஒரு கோப்பில் இலக்கங்களைக் கச்சிதமாகப் போட்டுக் கொண்டுவந்தால், "இது எப்படி வந்தது?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியை நான் உங்களைப் போலவே மெதுவாகக் கேட்கிறேன் என்று உங்கள் மகன் சொல்கிறார். அந்த அம்மாவுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று அலுவலகத்தில் எனக்குப் பின்னால் கதைக்கிறார்களாம்.

தாங்கி வழிந்து அடங்கியபின் உங்கள் தையல் பெட்டியைத் திறந்தேன். எட்டு மாதமாகத் திறக்க மனம் வரவில்லை. நூல்கட்டைகளுக்குக் கீழே, பரீட்சைக்குப் பிறகு நான் திறந்தே பார்க்காத என் கணக்குக் கொப்பி இருந்தது. பதினான்காம் கணக்கைத் தேடிப் பார்த்தேன். என் 63-க்குக் கீழே உங்கள் கையெழுத்து, சிவப்புப் பென்சிலில்: "180 வாளி. ஒரு பைப் நிமிசத்துக்கு 3. மற்றது 2. ரெண்டும் 5. 36 நிமிசம்." பின்னமும் தெரியாமல் சமன்பாடும் தெரியாமல், வாளியால் அளந்து கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டிருக்கிறீர்கள்.

என் 63-க்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அந்தக் கொப்பியில் நீங்கள் சரியோ பிழையோ போடாமல் விட்டது அது ஒன்றுதான். அந்த இடத்தை எனக்காகத்தான் விட்டிருந்தீர்கள் என்று இவ்வளவு காலம் கழித்து நினைக்கிறேன்.

பெட்டிக்குள் பென்சிலும் கிடந்தது. எடுத்து நானே பிழை போட்டேன்.

ஆமா மாமி, பாத்துதான் எழுதினேன்.