கடைசி ரெண்டு நிமிஷம்

ஜூன் 4

எதிர்வீட்டுக்காரருக்கு,

"அன்புள்ள"ன்னு எழுதக் கை வரல, அதை நீங்களே போட்டுப் படிச்சுக்குங்க. போன்ல அனுப்பினா உங்க வக்கீல் அதை அச்சடிச்சு ஜட்ஜ் அம்மா மேஜையில வெக்கிறார். அதான் காகிதத்துல எழுதிக் கதவுக்கு அடியில தள்ளறேன். படிச்சுட்டுக் கிழிச்சுப் போடுங்க.

நேத்து உங்க வீட்லேர்ந்து வந்ததும் மகள் டிவியைப் போட்டா. அதே கார்ட்டூன், அதே எபிசோடு. பச்சை வீட்டு அப்பாவும் நீல வீட்டு அம்மாவும், பிள்ளை வளர்க்கிறதுல யார் கெட்டின்னு ஸ்கூல்ல குடுக்கிற கோப்பைக்காக அடிச்சுக்கிற கதை. நீல வீட்டுக்காரி கொண்டை போட்டுக்கிட்டு, கழுத்துல விசிலை மாட்டிக்கிட்டு, விசில் ஊதியே பையனைப் பல் தேய்க்க வெக்கிறா. "அம்மா, இவ உன்னை மாதிரியே இல்ல?"ன்னு கேக்கறா உங்க மகள். ஒன்பது வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் தானாத் தோணுமா? யார் சொல்லிக் கொடுத்த பாடம்னு எனக்குத் தெரியாதாக்கும்.

நான் மீன் தொட்டி வாங்கினேன். மறுவாரமே உங்க வீட்டுக்கு முயல் வருது. நான் நீச்சல்ல சேர்த்தேன், உடனே நீங்க ஸ்கேட்டிங் ஷூ. இருபத்தெட்டாம் தேதி ஜட்ஜ் அம்மா அவளைத் தனியாக் கூப்பிட்டு, "யாரோட இருக்கப் போறே?"ன்னு கேக்கப் போறாங்க. அதுக்குத்தானே இந்த முயல்? நான் இல்லாம அவளுக்கு ஒரு வீடுன்னு என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியல. உங்களுக்கு அது விளையாட்டாப் போச்சு.

ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவர் நீங்க. நம்ம கட்டடத்து லிஃப்ட் மாசக்கணக்காப் படுத்துக் கிடக்கு. முதல்ல அதைப் பாருங்க.

இப்படிக்கு,
அவளைப் பெத்தவ


ஜூன் 6

பெத்த மகராசிக்கு,

காகிதம் கிடைச்சுது. கிழிக்கல. முயல் கூண்டுக்குள்ள போட்டேன், மோந்து பாத்துட்டு அதுவே நகர்ந்துடுச்சு.

அந்த எபிசோடை நான் காட்டல தாயே. அவ முதல்ல பாத்தது உன் வீட்லதான், இங்க வந்தும் அவளேதான் போட்டுக்கறா. சரி, என்னதான் இருக்குன்னு நேத்து தனியா உக்காந்து நானும் பாத்தேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. அந்தக் கொண்டை, அந்த விசில், குளியலறைக் கண்ணாடியில ஒட்டின டைம்டேபிள்! உன்னை எங்கேயோ ஒளிஞ்சிருந்து பாத்துதான் வரைஞ்சிருக்கணும். நாள் பூரா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மெஷின் பக்கத்துல நின்னு "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க"ன்னு சொல்றே. வீட்டுக்கு வந்தும் பிள்ளைகிட்ட அதேதான். எப்போதான் அவளை மூச்சு விடச் சொல்லுவே?

பிரிஞ்சப்போ எதிரெதிர் வீடா எடுக்கலாம்னது யாரு? நீ. "செருப்புகூடப் போடாம அப்பாகிட்ட ஓடிரலாம்"னு அவகிட்ட தேன் ஒழுகப் பேசினதும் நீதான். இப்போ அவ இங்க கொஞ்ச நேரம் கூட உக்காந்தா எதிர்க்கதவு டப்புன்னு திறக்குது.

இன்னொண்ணு. கோப்பை ரெண்டா உடைஞ்சு, ஆளுக்குப் பாதியை எடுத்துக்கிட்டு அவங்கவங்க கதவைச் சாத்திக்கிறாங்களே, அந்த இடத்துல அவ டிவியை அணைச்சுடறா. அதுக்கப்புறமும் ரெண்டு நிமிஷம் இருக்கு. கதையை முழுசாப் பாக்கக்கூட உன் டைம்டேபிள்ல இடம் இல்லியா?

இப்படிக்கு,
அவளைச் சிரிக்க வெக்கிறவன்


ஜூன் 11

முயல்காரருக்கு,

சிரிக்க வெச்ச லட்சணத்தைக் கேளுங்க. நேத்து ராத்திரி வாஷ்பேசினைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தா. தலையைத் தாங்கிப் பிடிச்சு நின்னப்போதான் விஷயம் வெளிய வந்துது. ஏழு மணிக்கு உங்க வீட்ல நூடுல்ஸ். எட்டு மணிக்கு என் வீட்ல சோறும் முட்டையும். "சாப்பிட்டியா?"ன்னு நீங்க கேட்டாலும் இல்லைங்கறா, நான் கேட்டாலும் இல்லைங்கறா. எத்தனை நாளா இப்படி ரெண்டு வீட்லயும் தட்டைக் காலி பண்ணியிருக்காளோ! ஏண்டி இப்படின்னா, "வேண்டாம்னு சொன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும்மா. அப்பா மூஞ்சியும்"ங்கறா.

கேட்டதும் எனக்கு அழுகை வந்துது. அப்புறம் உங்க மேலதான் ஆத்திரம் வந்துது. எட்டு மணிக்கு நான் சோறு போடுவேன்னு தெரிஞ்சும் ஏழு மணிக்குத் தட்டை நீட்டறது எந்த ஊர் நியாயம்?

எபிசோடை நானும் பாத்தேன். பச்சை வீட்டுக்காரன் அட்டையில கோட்டை கட்டறேன்னு கிளம்பி, அது சரிஞ்சு பிள்ளைங்க தலையிலேயே விழுதே, அங்க டிவியை நிறுத்திட்டு உங்களைத்தான் நினைச்சேன். அவ பிறந்தநாளைக்கு நீங்க கட்டின பலூன் வளைவும் இப்படித்தானே கேக் மேல கவுந்துது! அச்சு அசல் நீங்கதான். மீசை ஒண்ணுதான் குறைச்சல்.

இப்படிக்கு,
வாந்தியைத் துடைச்சவ


ஜூன் 17

விசில்காரிக்கு,

நீ எட்டு மணிக்குப் போடற சோத்தை ஏன் ஏழு மணிக்குப் போடக்கூடாதுன்னு நானும் கேக்கலாம். கேக்கல. எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு.

நேத்து மறுபடி அதே இடத்துல டிவியை அணைச்சா. "முடிவைப் பாக்கலியாடா?"ன்னேன். "பாத்திருக்கேன். அதுக்கப்புறம் வர்றது பொய்ப்பா"ன்னா. சொல்லிட்டு முயலுக்குத் தண்ணி வெக்கப் போயிட்டா.

அவ உன் வீட்டுக்குப் போனதும் அந்த ரெண்டு நிமிஷத்தைத் திரும்பப் பாத்தேன். உடைஞ்ச கோப்பையை ஒட்டிப் பூ வெச்சுருக்காங்க. பச்சை வீடு, நீல வீடு எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடறாங்க. எனக்குச் சிரிப்பு வரல. நாம ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டே இருந்தா அந்தக் கோப்பை மாதிரி அவதான் உடைவா.

அதனால நான் விலகிக்கிறேன். இன்னிக்கு அவகிட்டயே சொல்லிட்டேன்: "இனிமே நீ அம்மாவோடயே இரு. அப்பா வேற இடத்துல வீடு பாத்துக்கறேன்." ஜெயிச்சுட்டோம்னு குதிக்காதே. விட்டுக்கொடுக்கிறதுன்னா என்னன்னு இந்த ஜென்மத்துல உனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் நான் செய்யறேன்.

இப்படிக்கு,
அவ நல்லாயிருக்கணும்னு நினைக்கிறவன்


ஜூன் 18, காலை

தியாகச் செம்மலுக்கு,

அடேயப்பா, என்ன பெரிய மனசு! காதுல பூ சுத்தாதீங்க. அவ வாந்தி எடுத்ததைப் பாத்தப்புறம் மனசு கேக்காம, முந்தாநாளே நான் என் வக்கீலைப் பாத்து, மகள் அவங்கப்பாவோடயே இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேணும்னா அவரையே கேளுங்க. மகள்கிட்டயும் உங்களுக்கு முன்னாடியே சொல்லியாச்சு: "நீ அப்பாகிட்ட இரு. அம்மா அப்பப்போ வந்து பாக்கறேன்." அவ சரின்னுட்டா.

நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒரு காரியம் செஞ்சா, அதுலயும் மூக்கை நுழைச்சு நல்ல பேரைத் தட்டிக்கிட்டுப் போகப் பாக்கறீங்களே! முதல்ல விட்டுக்கொடுத்தது நான். இதுல மட்டும் உங்களை ஜெயிக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னாடியே விலகினவ


ஜூன் 18, சாயங்காலம்

ஏங்க,

காலையில எழுதினதைத் தூக்கிப் போடுங்க. இதைப் படிங்க.

ஸ்கூல்லேர்ந்து வந்தவ உள்ள வரல. நம்ம ரெண்டு கதவுக்கும் நடுவுல, படியில உக்காந்திருக்கா. பையைக்கூட முதுகுலேர்ந்து கழட்டல. உள்ள வாடி கண்ணுன்னேன். "நீ அப்பாகிட்ட இருங்கறே. அப்பா உன்கிட்ட இருங்கறார். ரெண்டு பேருக்குமே நான் வேண்டாமா?"ன்னு கேட்டா. அழல. "அப்போ ஜட்ஜ் அம்மாகிட்ட யார் பேரைச் சொல்லட்டும்?"னா.

கத்தி உங்களைக் கூப்பிட்டா மறுபடியும் சண்டைன்னு காதைப் பொத்திக்குவா. அதான் இதையும் கதவுக்கு அடியிலேயே தள்ளறேன்.

உங்க மேல இருக்கற கோவம் எனக்கு எள்ளளவும் குறையல. ஒரே மேஜையில உக்காந்து நாம சிரிக்கப் போறதும் இல்ல, அது பொய்னு அவளுக்கே தெரிஞ்சுருக்கு. ஆனா உடனே கதவைத் திறந்துட்டு வாங்க. அவளுக்கு அந்தப் பக்கம் நீங்க உக்காருங்க, இந்தப் பக்கம் நான் உக்காந்துக்கறேன். சாப்பிட்டியான்னு கேக்காதீங்க. எங்களுக்கு நீ வேணும்டின்னு ரெண்டு பேரும் சொல்லணும். நான் மட்டும் சொன்னா நம்பமாட்டேங்கறா. யார் முதல்ல சொல்றதுன்னு இன்னிக்கு ஒரு நாள் பாக்காதீங்க, நானும் பாக்கல.

முயலைத் தூக்கிக்கிட்டு வராதீங்க. வெறுங்கையோட வாங்க.